சாட்சியும் எதிரொலியும்

நேற்று இருந்தது போலவே இன்றும் இருப்பது நேர்மையாகுமா? ஒழுக்கத்தைப் பற்றிய இந்தப் பழைய கேள்வி, இணையப் பக்கங்களை ஆக்குகிறவர்களின் தொழிலுக்குள்ளும் வந்து நிற்கிறது.

இணையத்தில் நாம் காணும் பக்கங்கள் பலவும் முழுமையாக எழுதி வைக்கப்பட்டவை அல்ல. ரசீதுப் புத்தகத்தில் பெயருக்கும் தொகைக்கும் இடம் விட்டிருப்பதைப் போல, இடம் விட்டு எழுதிய டெம்ப்ளேட் ஒன்று இருக்கும். வருகிறவரின் பெயரும் கணக்கும் அதில் நிரம்பியதும் அது பக்கமாகிறது. சரியாக நிரம்பியதா என்று ஒவ்வொரு மாறுதலுக்குப் பின்னும் மனிதர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, பார்ப்பதற்கென்றே ஒரு சிறு புரோகிராமை எழுதுகிறார்கள். அதற்குச் சோதனை என்று பெயர். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு.

2016-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தார் வளர்த்த ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஸ்னாப்ஷாட் என்றொரு வசதி வந்தது. டெம்ப்ளேட் முதல் முறை தந்ததை அது அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஓர் எழுத்துப் பிசகினாலும் சிவப்புக் காட்டும். இதைவிடக் கண்டிப்பான காவலாளி உண்டா என்று தோன்றும். தெரியாமல் நேர்ந்துவிடும் மாறுதல்களை அவன் பிடித்தும் கொடுக்கிறான். ஆனால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நேற்றைய தினம் மட்டுமே.

கண் பார்வையற்ற ஒருவர் பணம் அனுப்பும் படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் புரோகிராம்தான் அவருக்குத் துணை. 'தொகை' என்ற சொல் கட்டத்தின் அருகிலேயே இருக்கிறது. ஆனால் அது கட்டத்தோடு லேபிளாக இணைக்கப்படவில்லை. பார்வையுள்ளவருக்கு ஒரு குறையும் தெரியாது. அவருக்கோ அது பெயரில்லாத வெறும் கட்டம். முதல் நாளிலிருந்தே இந்தக் குறை இருந்தால், ஸ்னாப்ஷாட் நாள்தோறும் பச்சை காட்டும். யாராவது இரக்கப்பட்டுத் திருத்தினால், அப்போதுதான் சிவப்பு எரியும்!

சிவப்பு அடிக்கடி எரிந்தால் மனிதர் என்ன செய்வார்? புதியவற்றையெல்லாம் ஏற்றுக்கொள் என்று சொல்ல ஒரே கட்டளை போதும். படிக்காமலே கையெழுத்திடும் அதிகாரியை நாம் அறிவோம். அவரே இங்கும் உட்கார்ந்திருக்கிறார்.

2018-இல் கென்ட் டாட்ஸ் என்பவர் வேறு வழியில் ஒரு கருவியை வெளியிட்டார். பக்கத்தைப் பயன்படுத்துகிறவர் எப்படித் தேடுவாரோ, அப்படியே சோதனையும் தேட வேண்டும் என்பது அதன் கொள்கை. 'தொகை' என்ற லேபிள் உள்ள கட்டத்தைக் கொண்டு வா என்று சோதனையில் எழுதுகிறார்கள். இணைப்பு இல்லையேல் முதல் நாளே சிவப்பு. வேலை ஒன்றுபோலத் தோன்றினாலும் வித்தியாசம் பெரிது. முன்னது நேற்றைத் திருப்பிச் சொல்கிறது. பின்னது ஒரு மனிதருக்கு நாம் கொடுத்த வாக்கைச் சொல்கிறது. எதிரொலி பொய் சொல்வதில்லை. ஆனால் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

வாக்கை எழுதிவிட்டதாலேயே பக்கம் குற்றமற்றதாகிவிடாது. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, பிழையே இல்லை என்று காட்ட முடியாது என்பதை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1970 வாக்கிலேயே வற்புறுத்தினார். பச்சை விளக்கு நற்சான்றிதழ் அல்ல. நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்கிறது. கேட்க மறந்த கேள்விக்கு இயந்திரம் பொறுப்பாகாது, நாமே பொறுப்பு.

ஆகவே, சோதனை எழுத உட்காருகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த ஒரு வரி பிழையானால் யாருக்குத் துன்பம்? அந்த முகம் மனத்தில் தெரிந்த பிறகு எழுதட்டும்.