பட்டா யார் பெயரில்?

ஏழை உழவரிடையே பணி செய்யப் புறப்படும் ஆன்மிக இயக்கங்கள் பெரும்பாலும் நிலம் உள்ளவரின் மனசாட்சியைத் தட்டுவதில்தான் தொடங்குகின்றன. அந்த வழியை காந்தியின் சீடர் வினோபா பாவே அளவுக்கு முழு மனதோடு நடந்து பார்த்தவர் அரிது. 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தலித் மக்கள் நிலம் கேட்டார்கள். அவர் ஊராரிடம் கேட்டார். ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்தார். அதை இறைவனின் குறிப்பாகவே எடுத்துக்கொண்டு நாடு முழுவதும் நடந்தார் வினோபா. இலக்கு 5 கோடி ஏக்கர். கிடைத்ததோ ஏறத்தாழ 40 லட்சம். அதிலும் பாறையும் களரும் வழக்கில் கிடந்த நிலமும் நிறைய. பெருமளவு நிலம் உழுபவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. இதை நம்பிக்கையின் தோல்வி என்று முடித்துவிடலாம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுப்பவரின் மனமாற்றத்தையே நீதிக்கு ஊற்றாக வைத்ததுதான் கோளாறு. அவர் மனம் மாறாவிட்டால் நிலம் இல்லை. மாறினாலோ அது அவருடைய பெருந்தன்மை, வாங்கியவர் காலமெல்லாம் கைகட்டி நிற்க வேண்டும்.

வினோபாவின் இந்தப் பூதான (நிலக்கொடை) இயக்கத்தில் உழைத்த தம்பதியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சையில் இந்தப் பாடத்தைத் திருத்தி எழுதினார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த வட்டாரத்துக்கே போய் வேலை தொடங்கிய இருவரும் 1981-இல் லாஃப்டி என்ற, உழுபவரின் விடுதலைக்கான நில இயக்கத்தை நிறுவினார்கள். மிராசுதாரிடம் தானம் கேட்கவில்லை, விலை பேசினார்கள். வங்கிக் கடனில் நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் பெண்கள் பெயரில் பதிந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. விற்றவருக்குப் புண்ணியமும் இல்லை, வாங்கியவருக்கு நன்றிக்கடனும் இல்லை, வெறும் கிரயம். இந்த வறட்டுத்தனம்தான் விடுதலை என்பேன். அப்படியானால் நம்பிக்கைக்கு இங்கே என்ன வேலை? கிருஷ்ணம்மாள் வள்ளலாரின் வழியில் ஊறியவர். பிணங்கள் விழுந்த மண்ணில், ஆளைப் பகைக்காமல், கோரிக்கையிலும் இறங்கி வராமல், மிராசுதார் வீட்டுத் திண்ணையில் திரும்பத் திரும்பப் போய் உட்கார ஒரு பலம் வேண்டுமே, அதை அந்தப் பற்று தந்தது. மிராசுதாரின் நெஞ்சை உருக்குவது அதன் வேலையாக இருக்கவில்லை.

பாட்டன் காலத்திலிருந்து தாங்களே உழுத நிலத்துக்கு உழைப்பாளிகள் கடன்பட்டு விலை கொடுப்பதா என்று இடதுசாரிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. 1961-இல் 30 தர ஏக்கர், 1970-இல் 15 என்று உச்சவரம்புச் சட்டம் இருந்தது. விலக்குகளும் பினாமிப் பெயர்களும் அதைத் தின்றன. சட்டம் செய்ய மறந்ததை ஏழை தன் கூலியிலிருந்து செய்தது அநீதிதான். செங்கொடிச் சங்கங்களின் நெருக்கடி இல்லாமல் பல மிராசுதார்கள் விற்கவே முன்வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் சட்டம் விழித்தெழும்வரை ஒரு தலைமுறை பண்ணையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லும் உரிமை வெளியே நிற்கும் நமக்கு இல்லை. ஒரு ஏக்கர் எந்த மூலைக்கு என்பது இன்னொரு கேள்வி. வருமானத்துக்குப் போதாது, கூலி பேசும்போது ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருக்கப் போதும்.

அம்பேத்கரியர்களின் ஆட்சேபம் இவற்றை விடக் கடினமானது: சாதிக்குக் காவல் நின்ற சமயத்திடமே நீதி கேட்பதா? டெல்டாவின் பெரிய நிலவுடைமையாளர்களில் கோயில்களும் மடங்களும் உண்டு என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. தனியார் நிலத்தில் பலித்த கிரய வழி அங்கே எளிதில் நடக்காது. ஆனால் 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் உண்மையில் உழுபவரின் பெயரை ஏட்டில் ஏற்ற வழி வைத்திருக்கிறது. இடையில் நிற்கும் பெரிய குத்தகைதாரரை விலக்கி, சேற்றில் இறங்கும் பெண்ணின் பெயரை எழுதச் சொல்லிக் கோயில் நிர்வாகத்திடம் மனுப் போடுவதற்கு, அதே தெய்வத்தைக் கும்பிடுகிறவர்களை விடப் பொருத்தமான ஆட்கள் யார்?