பழைய கொம்பிரசரும் சற்காரியவாதமும்

மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் உப்புக்காற்று பிரிஜ்ஜின் பின்புறக் குழாய்களை அரித்துவிடுகிறது. குழாயில் துவாரம் விழுந்து வாயு போனதும் பெட்டி பழைய இரும்புக்குப் போகிறது. அடியிலுள்ள கொம்பிரசரோ வெல்டிங் வைத்து மூடிய உருக்குக் கூட்டுக்குள், ஒயிலில் நனைந்தபடி, பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். அதைக் கழற்றி, உறிஞ்சும் குழாயில் ஒரு றப்பர் குழாயை மாட்டினால் பட்டறைக்கு ஒரு வெற்றிடப் பம்பி கிடைத்துவிடுகிறது. பைபர் தோணியின் உடைவில் பிசின் ஊறிய துணியைப் பொலித்தீனால் மூடி, உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டால் துணி உடலோடு இறுகி ஒட்டும். இந்த உறிஞ்சும் ஆற்றல் பட்டறையில் புதிதாகப் பிறந்ததா, முன்பே இருந்ததா? இது மெக்கானிக்குகளுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. காரியம் காரணத்துக்குள் சூக்குமமாக முன்பே உண்டு என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம். காரியம் முன்பு இல்லாதது, புதிதாகத் தொடங்குவது என்பது நியாய வைசேடிகர் கொள்கை. இந்த வழக்கில் சித்தாந்தத்தின் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

பிரிஜ் குளிர்வது எப்படி என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பிஸ்டன் பின்வாங்கும்போது உள்குழாய்களிலுள்ள வாயுவை இழுக்கிறது. அங்கே அமுக்கம் குறைகிறது. குறைந்த அமுக்கத்தில் குளிர்திரவம் கொதித்து, பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அழுத்துவது அதன் மறுபாதி வேலை. ஆக, மீனும் இறைச்சியும் கெடாமல் காத்த காலமெல்லாம் அந்த இயந்திரம் உறிஞ்சிக்கொண்டேதான் இருந்தது. நியாய வைசேடிகர் இதோடு விடமாட்டார்: மண்கட்டியில் நீர் நிற்காது, குடத்தில் நிற்கும், புதிய பயன் உண்டென்றால் புதிய பொருளும் உண்டு என்பார். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் இந்தப் பம்பியின் குறைகளே அதற்கு மறுமொழி. பிஸ்டன் மேலே முட்டும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி எஞ்சுகிறது. அதில் தங்கிய காற்று திரும்பும்போது விரிந்துவிடுவதால், ஓர் எல்லைக்குக் கீழே அமுக்கம் இறங்காது. திரும்பிவரும் குளிர்வாயுவால் ஆறிய மோட்டர், அந்த வாயு இல்லாமல் சூடேறுகிறது. இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். வெளிவரும் காற்றோடு ஒயிலும் புகையாகக் கசிகிறது. ஆகவே துணியை இறுக்கிப் பிடிக்க இது போதும். வாயு நிரப்பும் முன் ஏசி குழாய்களை முற்றாக வெறுமையாக்க இது போதாது. கைத்திறன் இல்லாததிலிருந்து ஒன்றைப் படைத்திருந்தால், அது ஏன் இந்த எல்லைகளுக்குக் கட்டுப்பட வேண்டும்? எல்லைகள் பழைய கொம்பிரசரிலிருந்தே வருகின்றன. ஆற்றலும் அங்கிருந்தே வருகிறது.

பௌத்தரின் மறுப்பு இன்னும் நுட்பமானது. கொம்பிரசர் என்று தனியொரு பொருளே இல்லை, உறுப்புகளின் கூட்டத்துக்கு நாம் வைத்த பெயர் அது. கூட்டம் மாறினால் பொருளும் மாறும் என்பர். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாதிட்டது இந்த மறுப்பின் கனம் உணர்ந்துதான். பெயர் நம்முடையது என்பதை நானும் ஒப்புகிறேன். பிஸ்டன் தலையிலுள்ள இடைவெளியோ நம் வழக்குக்கு வளைந்துகொடுப்பதில்லை. இன்னொன்றும் கேட்கலாம்: வெற்றிடம் என்பது இன்மை, இன்மையே தோணியின் துணியை அழுத்திப் பிடிக்கிறதே, இல்லாததிலிருந்து காரியம் வந்துவிட்டதல்லவா? இத்தாலியரான டொரிசெல்லி 1640களில் பாதரசக் குழாயைக் கொண்டு இதற்கு விடை தந்துவிட்டார். இழுப்பது வெறுமையன்று, வெளியே இருக்கும் காற்று தள்ளுகிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 10 தொன் எடை அது. பம்பி உள்ளிருந்த எதிர்ப்பை அகற்றுகிறது, அவ்வளவே. தடையாக நின்றதை நீக்கினால் எப்போதும் இருந்தது வெளிப்படும் என்றுதானே ஆன்மாவின் அறிவை மறைக்கும் மலத்தைப் பற்றியும் சித்தாந்தம் பேசுகிறது.

எல்லாம் முன்பே இருந்ததென்றால் பட்டறைக்காரருக்கு என்ன பெருமை என்று கேட்பவருக்கு, குடத்துக்குச் சித்தாந்தம் சொல்லும் மண், சக்கரம், குயவன் என்ற மூன்று காரணங்களையும் நினைவூட்டலாம். உள்ளே கிடப்பது தானாக வெளிவராது, அறிபவர் வேண்டும். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். வழக்கொழிந்த யாழின் இசைக் கணக்கை ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். கருவி மறைந்தாலும் நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவு மறையவில்லை; அதைக் காண அவர் வேண்டியிருந்தது. அறிபவர் வேண்டும் என்பதைக் கொண்டு உலகுக்கும் ஒரு கர்த்தா உண்டென்று நிறுவிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். அதற்குச் சித்தாந்திகள் வேறு வாதங்கள் வைத்திருக்கிறார்கள்; கொம்பிரசர் அந்தச் சுமையைத் தாங்காது.

உள்ளது அழியாது என்ற, சற்காரியவாதத்தின் மறுபாதிதான் பட்டறையில் அதிகம் மறக்கப்படுவது. வாயு முற்றாகப் போகாத பெட்டியும் பட்டறைக்கு வரும். பழைய பெட்டிகளில் ஆர்-12 என்ற குளிர்வாயு இருக்கலாம். குழாயை வெட்டியதும் அது 'போய்விட்டது' என்கிறோம். அது போவதில்லை. வளிமண்டலத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தங்கி ஓசோனைச் சிதைக்கிறது. 1987 இன் மொன்றியல் உடன்படிக்கை இத்தகைய வாயுக்களைத் தடுக்கவே எழுந்தது. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ தீப்பற்றக்கூடியது. ஆகவே, வாயுவைச் சிலிண்டரில் பிடித்தெடுக்கத் தெரிந்த பிரிஜ் மெக்கானிக்கின் வேலை முடிந்த பிறகே வெட்டும் கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.