சாவி கொடுப்பவர் கடன்

2024 மே 19 அதிகாலை புனேயின் கல்யாணி நகரில், பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர். அன்றைக்கே சிறுவனுக்கு ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்துகளைப் பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது சிறார் நீதி வாரியம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது, கொதித்ததில் நியாயம் இருந்தது. பின்னர் அந்த உத்தரவு மாற்றப்பட்டது, தந்தையும் கைதானார். ஆனால் சாலையைப் பற்றிய முதல் பாடம் இரண்டு உயிர்கள் போன பிறகுதானா அந்தச் சிறுவனுக்கு வர வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. பயிற்சி பெறாத இளையவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுப்பது அறப்பிழை. அதில் பெரும்பங்கு கொடுத்தவரையே சேரும். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதைப் பணக்கார வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கிளியூர் அருவியைப் பார்க்க விடுமுறை நாட்களில் அதில் பைக்கில் ஏறுவோரில் உரிமம் வாங்கிய ஈரம் காயாத பிள்ளைகளும் உண்டு. ஏறுவது எளிது, இறங்குவதில்தான் வித்தை இருக்கிறது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். விடாமல் பிடித்த பிரேக் சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் அந்தப் பிடியும் குறைவு. திரும்பும் பேருந்தின் பின்சக்கரம் வளைவின் உட்பக்கத்தை ஒட்டி வரும், அந்த இடைவெளியில் பைக்கை நுழைக்கக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இவற்றில் எதுவும் பிறவியிலேயே வருவதல்ல. ஒருவர் சொல்லித்தர வேண்டும், உடனிருந்து பழக்க வேண்டும். நம் இருசக்கர உரிமத் தேர்வோ, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் சமதரையில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டுவதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. 2024 ஏப்ரல் 30 அன்று இதே மலையிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து வளைவில் கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்தனர். தொழிலாகவே வண்டி ஓட்டுபவர்களுக்கும் இடர் தரும் பாதையில், எட்டு போட்டது ஒன்றையே தகுதியாகக் கொண்டு பிள்ளைகளை அனுப்பி வைக்கிறோம்.

முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். புறநானூற்றில் தொண்டைமான் இளந்திரையன் நாட்டை வண்டியாகவும் ஆள்பவனை அதைச் செலுத்துபவனாகவும் காண்கிறான். செலுத்தத் தெரியாதவன் கையில் வண்டி சேற்றில் அழுந்தித் துன்பம் தரும் என்கிறான். அதே நூலில் பொன்முடியார் ஒவ்வொருவர் கடமையையும் பிரித்து வைக்கிறார்: வேல் வடித்துத் தருவது கொல்லன் பாடு, பிள்ளையைச் சான்றோன் ஆக்குவது தந்தை பாடு, நல்லொழுக்கம் தருவது அரசன் பாடு. வேலைக் கொடுத்ததோடு எல்லாருடைய கடமையும் தீர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. வருமுன் காப்பதை வள்ளுவர் குற்றங்கடிதலில் வலியுறுத்துகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக மனுநீதிச் சோழன் இருக்கிறான். இளவரசன் ஓட்டிய தேர்ச்சக்கரத்தில் கன்று மாண்டபோது, பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். மன்னன் அதை ஏற்கவில்லை. பெரியபுராணம் விரித்துச் சொல்லும் இந்த வரலாற்றைக் கண்ணகியே பாண்டியன் அவையில் எடுத்துக்காட்டினாள். திருவாரூரில் கல்தேர் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனை இன்று நமக்கு வேண்டாம். பிள்ளை ஓட்டிய வண்டியால் ஓர் உயிர் போனால் அந்தப் பழி தன்னைச் சேரும் என்று ஒரு தந்தை எண்ணிய மனம்தான் வேண்டும்.

கடுமையான தண்டனை போதாதா என்பார்கள். 2019 திருத்தத்தில் சேர்ந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. நல்ல சட்டம்தான், இருக்கட்டும். ஆனால் அது வந்த பிறகும் 2022-இல் நாடு சாலையில் 1,68,491 உயிர்களை இழந்தது. அவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 64,105 விபத்துகளோடு தமிழ்நாடு எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்றது. இங்கே மாண்டவர்கள் 17,884 பேர். மேலும், அந்தப் பிரிவு பதினெட்டு நிறையாதவர்களைப் பற்றியது. பிறந்தநாள் கடந்த மறுநாளே அதே பிள்ளை, அதே அறியாமையோடு, சட்டப்படி ஓட்டத் தொடங்கலாம். மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு வண்டி அவசியம் என்பதும் உண்மையே. அவசியம் மிகுந்த இடத்தில் பயிற்சியும் மிகுந்திருக்க வேண்டும்.

பயிற்சியால் பயனில்லை என்பது சற்றே வலுவான மறுப்பு. பள்ளிகளில் தரப்படும் ஓட்டுநர் கல்வி விபத்தைக் குறைத்ததற்குச் சான்றில்லை, சிறுவயதிலேயே உரிமம் வாங்கத்தான் அது தூண்டுகிறது என்று காக்ரேன் அமைப்பின் 2001 ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதை மறைக்க வேண்டியதில்லை. அது காட்டுவது, வகுப்பை முடித்தவனிடம் உடனே உரிமத்தை நீட்டும் முறையின் தோல்வியை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளம் ஓட்டுநர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, ஓட்டுநர் கல்வி பெற்றவர்களிடம் விபத்தும் விதிமீறலும் குறைவு என்று கண்டது. நியூசிலாந்து 1987-லேயே படிப்படியான உரிமத்தைக் கொண்டுவந்தது: முதலில் அனுபவமுள்ளவர் உடனிருக்க ஓட்டுதல், அடுத்து பின்னிரவுப் பயணத்துக்கும் நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் தடை, அதன் பின்னரே முழு உரிமை. கல்வியும் கட்டுப்பாடும் கைகோத்தால்தான் பலன். நம்மிடமும் 2021 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கார் ஓட்டக் கற்பவருக்கு நான்கு வாரங்களில் 29 மணி நேரப் பாடம் உண்டு. காரில் செல்பவனுக்குத் தரும் அக்கறையை, அதிகம் சாகும் பைக் ஓட்டுபவனுக்கு மறுப்பது எந்த நீதி?

பத்தாம் வகுப்பு முதல் சாலைப் பாடம் வேண்டும். எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமக் காலம் பெயரளவில் கழியாமல் உண்மையான பழக்கமாக வேண்டும். மலைமாவட்டங்களில் இறக்கத்தில் ஓட்டிக் காட்டாதவருக்கு உரிமம் தரக் கூடாது. இவை அரசின் வேலை. அரசு விழிக்கும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பதினெட்டு நிறைந்த பிள்ளைக்கு வண்டி வாங்கவிருக்கும் சேலத்துப் பெற்றோரே, நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்க, கூட்டமில்லாத ஒரு வாரநாள் காலையில், இரண்டாம் கியரில் அந்த 20 வளைவுகளையும் மெல்ல இறங்கப் பழக்குங்கள். ஒருமுறை போதாது, பலமுறை பழக்குங்கள். அதுவரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.