மறைத்து வைத்த மலர்

அன்பு எதையும் ஒளிக்காது என்று கதைகளில் நாங்கள் எழுதிவிடுகிறோம். நீங்களும் ரசித்துப் படித்துவிடுகிறீர்கள். ஆனால் இங்கிலாந்தில் ஒரு காட்டுப் பூவைக் காப்பாற்றியது ஒளிவுமறைவுதான்.

'லேடீஸ் ஸ்லிப்பர்' என்று அதற்குப் பெயர், சீமாட்டியின் செருப்பு. ஆர்க்கிட் இனம். அரக்கு நிற இதழ்களின் நடுவே குழந்தையின் ஜோடு போல உப்பிய மஞ்சள் கிண்ணம். யார்க்ஷயரின் சுண்ணாம்புப் பாறைக் காடுகளில் ஒரு காலத்தில் பூத்துக் கிடந்தது. செட்டில் என்ற ஊர்ச் சந்தையில் விலைக்கு விற்றார்கள். இங்கிள்பரோ மலைப் பக்கத்திலிருந்து தாமஸின் டன்ஸ்டால் என்ற மாது அதை வேரோடு பெயர்த்து லண்டனுக்கு அனுப்பியதை, ஜான் பார்க்கின்ஸன் 1629-இல் வெளிவந்த தம் நூலில் நன்றியோடு குறிப்பிடுகிறார். அந்த அம்மாள் திருடியா? பாவம், பூவின் மேல் பிரியம்! காடு குறைந்ததும் ஒரு காரணம் என்றாலும், அதைப் பறித்தவர்களும் பெயர்த்தவர்களும் அதை நேசித்தவர்களே. 1917-இல், பூண்டோடு அற்றுப்போயிற்று என்று அறிவித்துவிட்டார்கள்.

1930-இல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி அகப்பட்டது. இடத்தை வெளியே சொல்லவில்லை. பின்னாளில் பூக்கும் பருவத்தில் காவலும் போட்டார்கள். வேலி கட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். வேலியே விலாசம் சொல்லிவிடாதா?

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. பூவைப் பார்க்கத் தகுந்தவர் இன்னார் என்று தீர்மானிக்க நாலு பேருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தன் மலையில் பூத்ததைப் பார்க்க அங்கே ஆடு மேய்ப்பவன் மகளுக்குப் பாத்தியதை இல்லையா? இருக்கிறது. அவளுடைய பேத்திக்கும் இருக்கிறதே! இன்னும் பிறக்காத பேத்தி வந்து கேட்க முடியாது. அவளுக்காக யாராவது ஒருவர் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கெட்ட பெயர் வாங்கத்தான் வேண்டும். நான் அந்தக் காவல்காரர் கட்சி. சந்தோஷமாக அல்ல.

ஒளித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தங்கள் கையாலேயே மகரந்தம் சேர்த்தார்கள். அதன் விதை வெறும் தூசி. உள்ளே உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1983-இல் தொடங்கிய முயற்சியில், கியூ தோட்டத்து விஞ்ஞானிகள் கண்ணாடிக் குப்பிக்குள் ஊட்டம் கொடுத்து அதை முளைக்க வைத்தார்கள். 1989-இல் காட்டில் நாற்று நட ஆரம்பித்தார்கள். முதல் பூ 2000-இல்தான் வந்தது. பதினொரு வருஷம்!

லங்காஷயரில் கெய்ட் பாரோஸ் என்ற காப்பகத்தில் அப்படி நட்டு வளர்த்த செடிகளைப் பொதுஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். மூலச்செடி நிற்கும் இடத்தை மட்டும் இன்னும் யாரும் சொல்வதில்லை.