கேட்காமல் போடும் கையெழுத்து

கூலிக்கும் போனஸுக்கும் பேச்சுவார்த்தை நடக்கும்போது, உடன்பாடா வேலைநிறுத்தமா என்பதை உறுப்பினர்களின் ரகசிய வாக்கைக் கேட்டே சங்கம் முடிவு செய்ய வேண்டும். அதுவே அறம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னதாக நிர்வாகத்துக்கு அறிவிப்புத் தரச் சொல்கிறது. கூலி இழக்கப்போகும் தொழிலாளியிடம் வாக்குக் கேட்கச் சொல்லவில்லை. சட்டம் விட்டதை அறம் விட்டுவிட முடியாது.

கேட்காததன் விளைவை 2015 செப்டம்பரில் மூணாறு கண்டது. கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்தது. தலைவர்கள் அதற்கு இணங்கிப் போய்விட்டார்கள் என்று கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்கள் வெகுண்டார்கள். நிர்வாகத்தோடு சேர்த்துத் தங்கள் சங்கங்களையும் தள்ளிவைத்துவிட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெண்கள் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. ஒன்பது நாளில் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கைக்கு வந்தது. அந்தப் பெண்களின் உறுதியைத் தலைவர்கள் முன்பே கேட்டறிந்திருந்தால், தெருவில் வென்றதை மேசையிலேயே வென்றிருக்கலாம்.

வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். காரியத்தின் கடுமை, தன் பலம், எதிரியின் பலம், துணை நிற்போர் பலம் அனைத்தையும் எடைபோட்டு இறங்கச் சொன்னார். கங்காணியும் கட்சிக்காரரும் பார்த்திருக்கக் கை தூக்கச் சொன்னால் அந்த எடை தெரியாது, வாக்குப்பெட்டியில்தான் தெரியும். கண்டித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் பகைவன் இல்லாமலே அழிவான் என்று எச்சரித்தவரும் அவரே. தீர விசாரிக்காமல் தீர்ப்பளித்த பாண்டியனின் கதியைச் சிலம்பு சொல்கிறது. மணிமேகலைக்குப் பசி ஒரு பிணி. அதைப் பிறர் வயிற்றில் கேளாமல் ஏற்றுவது எந்தத் தலைமைக்கும் அடுக்காது.

வாக்கெடுத்தாலே வேலை நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பழைய ஓய்வூதியம் கேட்டு 2023 நவம்பரில் ரயில்வே ஊழியர்கள் ரகசிய வாக்களித்தார்கள். பெரும்பான்மையினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்கள். ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வாக்கில் தோற்றால் சங்கத்தின் பலவீனம் அம்பலமாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால், இல்லாத பலத்தைக் காட்டி ஏழைகளைப் போராட்டத்தில் இறக்குவது அதைவிடப் பெரிய கேடு.

சந்தா வாங்கும் தலைவர்களே, உறுப்பினரின் பெயரால் கையெழுத்திடுமுன் அவரைக் கேளுங்கள். பட்டினி அவருடையது என்றால், முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.