வெள்ளத்தின் கணக்கு யார் பெயரில்?

வெள்ளம் வருமென்று எண்ணி முன்கூட்டியே பணம் கட்டி வைப்பது தவக்குலுக்கு முரணா? எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் ஒவ்வொரு பெரும்போகத்திலும் இக்கேள்வி யாராவது ஒருவர் வாயிலிருந்து வரும். வருவது களா கத்ர், அதற்குக் காப்புறுதி எதற்கு என்பார் ஒருவர். ஒட்டகையைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பார் மற்றவர். விவாதம் அவ்விடத்திலேயே நின்றுவிடும். கேள்வியை இவ்வாறு வைப்பதிலேயே ஒரு குறை இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலில், வெள்ளம் எங்களுக்கு எதிர்பாராத விருந்தாளி அல்ல. 1957 டிசம்பர் வெள்ளத்தை எங்கள் மூத்த தலைமுறை ஆண்டுக் கணக்குக்கே அடையாளமாக வைத்திருந்தது. 2011 ஜனவரியில் வந்த வெள்ளம் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பாதித்தது. அந்நீர் வடிந்து முடியுமுன் பெப்ரவரியில் மீண்டும் வந்தது. கார்த்திகை வெள்ளம் நாற்றைத்தான் அழுக்கும், மறுபடி விதைக்கலாம். தை வெள்ளமோ விளைந்த கதிரைச் சாய்த்துவிடும். விதை, உரம், கூலி, குத்தகை எல்லாம் மண்ணுக்குள் போன பின்பு வரும் வெள்ளம் அது. 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லைப் பலர் பிழையாக விளங்கியிருக்கின்றனர். நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பது அதன் பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படியானால், ஒருவன் முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருந்தால் அவன் அந்த வெள்ளத்தைக் காண்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று. இந்தக் கணக்கைப் பார்ப்பது விதியை மறுப்பதாகாது. ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டதும் உமர் (ரழி) பாதி வழியில் திரும்பினார்கள். ஒரு நாட்டத்தை விட்டு இன்னொரு நாட்டத்துக்கே செல்கிறோம் என்பதுதான் அதற்கு அவர்கள் கூறிய விளக்கத்தின் சாரம். முன்னெச்சரிக்கை பற்றிய கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

காப்புறுதியின் அமைப்புப் பற்றிய மார்க்க ஐயங்கள் வேறு. வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வணிகக் காப்புறுதியை மறுத்து, கூட்டுறவுக் காப்புறுதியை ஆகுமாக்கியது ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் 1985ஆம் ஆண்டுத் தீர்மானம். 1999இலிருந்து நம் நாட்டிலும் தகாபுல் இருக்கிறது. ஆகவே வழியில்லை என்ற வாதம் நிற்காது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. வெள்ளம் வந்தபின் நாம் தாராளமானவர்கள். பள்ளிவாசலில் சோறு ஆக்குவோம், உலருணவுப் பொதி கட்டுவோம், பாய் கொடுப்போம். வெள்ளம் வருமுன் ஒரு சதமும் சேர்க்கமாட்டோம். பின்னால் கொடுக்கும்போது கொடுப்பவன் உயர்ந்தும் வாங்குபவன் தாழ்ந்தும் நிற்கிறார்கள். படம் வேறு எடுக்கிறோம். முன்னால் சேர்த்த பொதுப்பணமாயின் அதைப் பெறுபவன் தன் உரிமையை அல்லவா பெறுகிறான்! அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்தபோது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாய்ப் பகிர்ந்ததை நபியவர்கள் புகழ்ந்தார்கள். அத்துணியில் யார் எவ்வளவு கொட்டினார் என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால் பொதுப்பணம் என்றதும் நீதிக்கேள்வி எழும். பள்ளத்தில் இருப்பவனுக்காக மேட்டில் இருப்பவன் ஏன் கட்டவேண்டும்? அமெரிக்கா 1968இல் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. பல வீடுகளுக்கு ஆபத்துக்கு ஏற்ற கட்டணம் அறவிடப்படவில்லை. மூழ்கிய வீடு அதே இடத்தில் எழும்பி மீண்டும் மூழ்கியது. கடன் பெருகி, 2017இல் 1,600 கோடி டொலரை அந்நாட்டுக் காங்கிரஸ் தள்ளுபடி செய்தது. 2021இலிருந்து வீட்டுக்கு வீடு ஆபத்தை மதிப்பிட்டுக் கட்டணம் விதிக்கத் தொடங்கினர். கணக்கு நேரானது, ஆனால் விலகிப்போக வசதியற்ற ஏழைக்கு அக்கணக்கே பாரமானது. முழு இரக்கமும் முழுக் கணக்கும் தனித்தனியே தோற்றுப்போகும் என்பதே இதில் நான் காணும் பாடம்.

நம் நாட்டில் வேறொரு முடிச்சு. 2016இல் அரசு வீடுகளுக்கான இயற்கை அனர்த்தக் காப்புறுதியைத் தொடங்கியது. 2024 வெள்ளத்தின் பின் நெல் உள்ளிட்ட ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நல்ல விடயங்களே. ஆனால் எங்கள் வட்டைகளில் காணி ஒருவரது, வேளாண்மை இன்னொருவரது. குத்தகைக்காரன் முற்பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்குகிறான். பதிவில் காணிக்காரரின் பெயர் இருந்தால் நட்டஈடு அவரைத்தான் தேடிப்போகும். நட்டப்பட்டவனோ கடன்காரனுக்கு ஒளித்துத் திரிவான். பயிர் அழிந்தது களா கத்ர். பெயர் விடுபட்டது நம் கைவேலை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இறைவன்மேல் பழிபோடுவதாகும்.

இதே கைவேலைதான் வயலை மண்போட்டு நிரப்பி மாடிவீடு கட்டுவதும், தோணாவில் குப்பை கொட்டுவதும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் காணி நெருக்கடி உண்மையானதுதான். பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேசமுடியாது. ஆயினும் என் வளவை இரண்டடி உயர்த்தினால் அந்த நீர் மறைந்துவிடுவதில்லை. அடுத்த வளவுக்குள் போகிறது. என் வீட்டைக் காப்புறுதி செய்யலாம். என்னால் அயலவனுக்கு வந்த தீங்கை எந்தக் காப்புறுதியும் என் கணக்கிலிருந்து கழிக்காது. தீங்கிழைக்கவும் வேண்டாம், தீங்குக்குத் தீங்கும் வேண்டாம் என்ற சட்டநெறியை வியாபாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா?

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்போம். காப்புறுதி ஆகுமா என்பதோடு நில்லாமல், நம் ஊரின் நட்டத்தை இப்போது தனியே சுமப்பவர் யார் என்று கேட்போம். ஒவ்வொரு மஹல்லாவும் அறுவடைக் காலத்தில் ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல்லை வெள்ள நிதிக்கென ஒதுக்கலாம். விதைப்புக் கூட்டத்திலேயே வட்டவிதானை முன்னிலையில் செய்கை பண்ணுபவனின் பெயரை எழுதுவிக்கலாம். தோணாவை மாரிக்கு முன் திறந்து வைக்கலாம். இவற்றைச் செய்து முடித்தபின் கையேந்தித் துஆக் கேட்போமாயின், அதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்க எனக்குத் தயக்கமில்லை.