கறள்

கராஜ் கதவை உயர்த்துகிறேன். உள்ளே கிடக்கும் குளிர் வெளியே இருப்பதை விடப் பழையது.

எண்ணெய் மணம். ஈரச் சீமெந்து. எலி வந்து போன தடம்.

கார் நாலு தாங்கிகளில் நிற்கிறது.

*

எம்ஜிபி. 1966. இங்கிலாந்தின் அபிங்டனில் செய்தது. இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம். 1962 முதல் 1980 ஒக்டோபர் வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை.

அதில் ஒன்று இங்கே. தார்ப்பாய்க்குக் கீழே மூச்சு விடாமல்.

*

விரல் மூட்டால் தட்டுகிறேன். நல்ல தகரம் கிண் என்கிறது. கறள் தின்ற தகரம் பொத் என்கிறது.

முன்னிருந்து பின்னுக்கு, கதவுக்குக் கீழே, தட்டிக்கொண்டே போகிறேன்.

கிண். கிண். கிண். பொத்.

அதற்குப் பிறகு கிண் இல்லை.

*

ஸ்குரூ டிரைவரின் நுனியைத் தகட்டில் வைக்கிறேன். அழுத்தவில்லை.

உள்ளே போகிறது.

*

கறள். இந்தச் சொல்லை இங்கே வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டு நண்பர் துரு என்பார். துரு வாயிலிருந்து எளிதாக வந்துவிடுகிறது. கறள் என்னும்போது நாக்கு மேலண்ணத்தில் இரண்டு தரம் உரசுகிறது.

தனியே சொல்லிப் பார்க்கிறேன். வாயிலிருந்து புகை.

*

கதவுக்குக் கீழே ஓடும் பகுதிக்கு இங்கே சில் என்று பேர். எங்கள் ஊரில் சில்லு என்றால் உருளுவது. இப்போதைக்கு இந்தக் காரில் இரண்டும் இல்லை.

குறிப்பில் வாசற்படி என்று எழுதிக்கொள்கிறேன்.

*

வாசற்படி மூன்று தகடு. உள்ளே ஒன்று, நடுவே ஒன்று, வெளியே ஒன்று. இடையில் வெறுமை.

இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடம்பே சட்டகம். மேலே கூரையும் இல்லை. பாரத்தில் பெரும்பங்கு இந்த வெறுமையைச் சுற்றிய தகடுகளில்.

*

உள்ளே போன தண்ணீர் வெளியேற அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். சேறு அடைத்திருக்கிறது. ஒன்றைக் கம்பியால் குத்துகிறேன்.

தூள் கொட்டுகிறது. நிற்காமல் கொட்டுகிறது. உள்ளங்கையில் ஏந்துகிறேன். பாரமே இல்லை.

கையை மூடித் திறக்கிறேன். ரேகைகளில் செம்மண் நிறம். யாழ்ப்பாணத்தில், உரும்பிராய்த் தோட்டங்களில் கால் கழுவினால் ஓடும் நிறம்.

*

இரும்பு, தண்ணீர், காற்று. மூன்றும் போதும். உப்புச் சேர்ந்தால் வேகம்.

இந்த நாட்டில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். வெள்ளை உப்பில்லை, மண் நிறக் கல்லுப்பு. செஷயரில் வின்ஸ்போர்ட் என்ற ஊருக்குக் கீழே 1844 முதல் சுரங்கம். இருபது கோடி வருடங்களுக்கும் முன்னால் வற்றிய கடல் அங்கே கிடக்கிறது. அதை வெட்டி எடுத்துத் தூவுகிறார்கள். உறைபனி உருகுகிறது. கார்கள் வழுக்காமல் போகின்றன.

வழுக்காமல் போன கார்களில் ஒன்று இது.

*

ஆனையிறவு உப்பளம். அப்பாவின் காரில் முன் இருக்கை. கண்ணாடி இறக்கியிருக்கிறது. இருபக்கமும் வெள்ளைக் குவியல்கள். உதட்டை நக்கினால் உப்பு.

வருகிறது. போகிறது.

கையில் ஸ்குரூ டிரைவர்.

*

கறள் இரும்பை விட அதிக இடம் எடுக்கும். இரண்டு தகடுகள் ஒட்டிய இடத்தில் புகுந்து, பருத்து, இரண்டையும் விலக்குகிறது. உளியை மெல்லக் கொடுத்தால் அடுக்கடுக்காக உரிகிறது. வெங்காயச் சருகு போல.

கடைசி அடுக்கின் கீழே இரும்பு இருக்கும் என்று கை எதிர்பார்க்கிறது. கடைசி அடுக்கின் கீழே நிலம்.

*

பழைய தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு அறைந்திருக்கிறது. அதற்கு மேல் பட்டி. அதற்கு மேல் பெயின்ற். யாரோ அவசரமாக மூடியிருக்கிறார்.

பட்டிக்குப் பின்னால், ஓட்டையை அடைக்க, சுருட்டிய பத்திரிகை. ஈரத்தோடு விரிக்கிறேன். கதிரை மலிவு விற்பனை. திகதி இருந்த மூலை இல்லை.

கோபம் எழும்புகிறது. இருக்கட்டும் என்று பார்க்கிறேன். கொஞ்ச நேரம் நிற்கிறது.

அவருக்கும் அன்று குளிர்ந்திருக்கும்.

*

இருக்கைக்குக் கீழே கிடந்தவை: தலைமயிர் ஊசி ஒன்று. ஆறு பென்ஸ் நாணயம். பாதிப் பென்சில். ஒரு சின்னச் சாவி, இந்தக் காரின் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாதது.

ஜாம் போத்தலில் போட்டு மூடுகிறேன்.

*

ஒரு நட்டு. முந்தாநாள் எண்ணெய் விட்டேன். நேற்றும். இன்றும் விடுகிறேன்.

ஸ்பானரில் சாய்கிறேன். இறுக்கும் பக்கம் ஒரு துளி. தளர்த்தும் பக்கம் ஒரு துளி.

அசைவில்லை.

தேநீர்.

*

சுவாலையைப் பிடிக்கிறேன். நட்டு கறுக்கிறது, பிறகு இருட்டுச் சிவப்பு. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மணம். ஆறவிடுகிறேன்.

மறுபடி ஸ்பானர். க்ரீச் என்று ஒரு சத்தம், மிகச் சின்னது.

கால் சுற்று.

அந்தக் கால் சுற்று முழுவதும் மனதில் ஒன்றுமே ஓடவில்லை. முடிந்த பிறகுதான் தெரிகிறது.

*

வாளி. தண்ணீர். சலவைச் சோடா இரண்டு கரண்டி. பிறேக் மிதி கம்பியில் தொங்குகிறது. சார்ஜரின் எதிர்முனை அதற்கு. நேர்முனை ஒரு வெட்டு இரும்புக்கு. இரண்டும் தொடக் கூடாது.

எவர்சில்வர் துண்டை நேர்முனையில் கட்டக் கூடாது. அதிலுள்ள குரோமியம் தண்ணீரை நஞ்சாக்கும். எழும்புவது ஐதரசன், ஆகவே வாளி வெளியே, தாழ்வாரத்தில்.

சுவிட்ச்.

*

மிதியைச் சுற்றி ஊசிமுனைக் குமிழிகள். எழும்புகின்றன. உடைகின்றன.

குந்தியிருந்து பார்க்கிறேன். கால் விறைக்கிறது. விறைப்பு முழங்காலுக்கு ஏறுகிறது. அங்கே நிற்கிறது.

மதிலில் ஒரு சின்னக் குருவி, நெஞ்சு சிவப்பு. அதுவும் வாளியைப் பார்க்கிறது.

*

மாலையில் வெளியே எடுக்கிறேன். வெட்டு இரும்பு செம்மஞ்சளாகி மெலிந்திருக்கிறது. மிதி கறுப்பாக வருகிறது. துணியால் துடைத்தால் சாம்பல் நிறத்தில் இரும்பு.

கழற்றி வைத்த றப்பர் ஒரு மூலையில் மட்டும் தேய்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் எந்நாளும் பாதத்தைச் சாய்த்தே மிதித்திருக்கிறார்.

*

தண்ணீரில் நனைத்த அரத்தாள். பின் மூடியில் வட்டமாகத் தேய்க்கிறேன்.

சிவப்பு. கீழே சாம்பல். கீழே வெள்ளை. அதற்கும் கீழே மங்கிய நீலம். ஐரிஸ் நீலம் என்று பேர். 1966-இல் இந்த நிறத்தில் வந்திருக்கிறது.

நீலத்தின் நடுவே வெறும் இரும்பு, நகம் அளவு. அதில் என் விரல் ஈரம்.

நாளைக் காலைக்குள் அந்த இடம் மஞ்சளாகும். தெரிந்தும் துடைக்காமல் நிற்கிறேன்.

*

முன் மூடி அலுமினியம். 1966-ஆம் வருடத்துக் கார்களுக்கு அப்படித்தான். அதில் கறள் இல்லை. தூக்கினால் பாயைத் தூக்குவது போல.

அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

*

இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ற் பற்றரிகள் இருந்த பெட்டிகள். இந்தக் காரில் உடலோடு சேர்வது நேர்முனை. பின்னால் வந்தவற்றில் மாற்றிவிட்டார்கள்.

பெட்டிகளுக்கு அடி இல்லை. குனிந்து பார்த்தால் சீமெந்துத் தரை. ஒரு சிலந்தி.

*

மூலையில் எஞ்சின். பலகைமேல், பழைய போர்வைக்குள். பி வரிசை, 1798 சிசி.

அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் பி வரிசைதான். ஏ 50. 1489 சிசி.

போர்வையை விலக்குகிறேன். அதே மூஞ்சி. எண்ணெய் அளக்கும் கம்பி எந்தப் பக்கம் என்று கண் தேடுமுன் கை போய்விடுகிறது.

*

போர்க்காலம். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை. பற்றரியும் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன.

அப்பாவின் சட்டைப் பையில், பேனை வைக்கும் இடத்தில், ஊசி இல்லாத சிறிஞ்ச். அதில் பெற்றோல். காபரேற்றரில் சில துளி. எஞ்சின் பிடிக்கிறது. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார். பின்னால் வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்க.

நான் ஏதோ கேட்கிறேன்.

"கதையாதை. சத்தத்தைக் கேள்."

*

1995. ஒக்டோபர் 30. கார் முற்றத்தில் நிற்கிறது. நாங்கள் ஊரைவிட்டு நடக்கிறோம். மழை.

*

கராஜ் யன்னலில் மழை. வேறு மழை.

*

காபரேற்றர் இரண்டு. எஸ்யூ. தொடக்ககால எஸ்யூக்களில் தோல் துருத்தி இருந்திருக்கிறது. உருவாக்கிய ஸ்கின்னர் குடும்பத்துக்குச் சப்பாத்து வியாபாரம். இதில் தோல் இல்லை. பித்தளை, அலுமினியம், ஒரு மெல்லிய ஊசி.

மேல் கிண்ணத்தைத் துடைக்கிறேன். பிஸ்ரனை விரலால் உயர்த்தி விடுகிறேன்.

டொக்.

மற்றது. உயர்த்தி விடுகிறேன். பாதியில் நிற்கிறது. கழற்றி மறுபடி துடைக்கிறேன். ஒரு மயிரிழை தூசி.

டொக்.

தேவை இல்லாமல் இன்னும் நாலைந்து தரம்.

*

வாசற்படியை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் ஒட்ட வேண்டும். முன் தூணிலிருந்து பின் தூணுக்கு. ஒட்டாமல் வெட்டினால் கார் நடுவில் தொய்யும். பிறகு எந்தக் கதவும் பூட்டாது.

அளக்கிறேன். இடப்பக்கக் கதவின் பின் விளிம்பு. மேலே 5 மில்லிமீற்றர். நடுவில் 5. கீழே 4.

பென்சிலால் சுவரில் எழுதுகிறேன். பக்கத்தில் மகளின் உயரம் குறித்த கோடுகள். கடைசிக் கோடு என் தோளுக்கு மேலே. அதற்குப் பிறகு யாரும் குறிக்கவில்லை.

*

வெட்டுகிறேன்.

தீப்பொறிகள் தரையில் விழுந்து கொஞ்சத் தூரம் ஓடி அணைகின்றன. பழைய வாசற்படி இரண்டு துண்டாக வருகிறது. மூன்றாவது துண்டைத் தும்புத்தடியால் கூட்டி எடுக்கிறேன்.

கார் விழவில்லை. குழாய் பிடித்திருக்கிறது.

கதவு இருந்த இடத்துக்கும் தரைக்கும் இடையே ஒன்றுமில்லை. அந்த இடத்தைப் பார்த்தபடி இருக்கிறேன். அதுவும் காரின் பகுதிதான் என்று தோன்றுகிறது.

தோன்றியது போகிறது.

*

புதுத் தகடு விற்னியிலிருந்து வருகிறது. தொழிற்சாலைக் காலத்து அச்சுகளிலேயே இன்றும் அழுத்திச் செய்கிறார்கள். கறுப்புப் பூச்சு. விரல் வைத்தால் விரல் பதிகிறது.

வைத்துப் பார்க்கிறேன். பொருந்தவில்லை. எடுக்கிறேன். அரத்தால் இரண்டு இழுவை. வைக்கிறேன். எடுக்கிறேன்.

பகல் போய்விடுகிறது.

*

முகமூடி. இருட்டு. இருட்டுக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி.

நிறுத்துகிறேன். ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி. ஒரேயடியாக இழுத்தால் தகடு சூட்டில் நெளியும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு.

மூச்சு முகமூடியில் பட்டுத் திரும்புகிறது. தேநீர் மணம்.

*

ஓரிடத்தில் தகடு உருகி ஓட்டை விழுகிறது. நல்ல இரும்பு என்று நினைத்த இடம். தட்டியபோது கிண் என்று சொன்ன இடம்.

வெட்டுக் கோட்டை இரண்டு விரல் பின்னே தள்ளுகிறேன்.

*

இரவு. கைகளைச் சவர்க்காரத்தால் இரண்டு தரம். நக இடுக்கில் மண் நிறம் போகவில்லை. சோற்றைப் பிசையும்போது பார்க்கிறேன்.

பிசைகிறேன்.

*

உள்வெறுமைக்கு மெழுகு. குளிரில் இறுகிக் கிடக்கிறது. டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து எடுக்கிறேன். நீளக் குழாயை வாசற்படிக்குள் விட்டு விசிறிக்கொண்டே வெளியே இழுக்கிறேன். எங்கே படுகிறது, எங்கே விடுபடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

அடித்துளை ஒன்றில் ஒரு சொட்டு திரள்கிறது. விழவில்லை. இரண்டாவது துளையிலும். மூன்றாவதில் இன்னும் இல்லை.

குனிந்தபடி இருக்கிறேன்.

*

இடப்பக்கக் கதவைத் தூக்கிப் பிணைச்சலில் மாட்டுகிறேன். மூடுகிறேன்.

மேலே 5. நடுவில் 5. கீழே 3.

சுவரில், பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுகிறேன்.

*

வீதியில் செம்மஞ்சள் வெளிச்சம் சுழன்று போகிறது. உப்பு லொறி. கற்கள் சிதறி கராஜ் கதவில் படுகின்றன.

வலப்பக்க வாசற்படி இன்னும் வெட்டவில்லை.